பெரியகடையைச் சுற்றிய ஊர்கள்: யாழ்ப்பாண நகரத்தின் தெருக்களும் தொழில்களும்

யாழ்ப்பாண நகரம் ஒரே காலத்தில், ஒரே திட்டத்தின்படி எழுந்த நகரம் அன்று. கோட்டைக்குக் கிழக்கே அளந்து கீறிய குறுக்குத் தெருக்கள், வடக்கே கோயிலும் கடையும் பின்னிக் கிடக்கும் வண்ணார்பண்ணை, வடமேற்கே பள்ளிவாசல்களைச் சுற்றிய சோனகத்தெரு, தெற்கே கடலேரிக் கரையில் குருநகரும் பாஷையூரும், கிழக்கே பெருமரங்களின் நிழலில் சுண்டிக்குளி, வடகிழக்கே பழைய அரசிருக்கையான நல்லூர் எனப் பல ஊர்கள் வெவ்வேறு நூற்றாண்டுகளில் வெவ்வேறு காரணங்களுக்காகத் தோன்றின. அவை பெரியகடை என்னும் சந்தையைச் சுற்றி நெருங்கிச் சேர்ந்தபோது நகரம் உருவானது. மாநகர எல்லைக்குள் இருப்பது ஏறத்தாழ 20 சதுர கிலோமீற்றர்தான். அந்தச் சிறு பரப்புக்குள் ஒரு சந்தியிலிருந்து அடுத்த சந்திக்குப் போவதற்குள் வழிபாடும் தொழிலும் வீட்டின் அமைப்பும் மாறிவிடுகின்றன.

இவற்றுள் மூத்தது நல்லூர். யாழ்ப்பாண இராச்சியத்தின் தலைநகராக இருந்த அவ்வூரின் பரப்பை அதன் காவற் கோயில்கள் இன்றும் காட்டுகின்றன: கிழக்கே வெயிலுகந்த பிள்ளையார், மேற்கே வீரமாகாளி அம்மன், தெற்கே கைலாசநாதர், வடக்கே சட்டநாதர். அரச குடியிருப்பின் நினைவாகச் சங்கிலித்தோப்பு, பண்டாரக்குளம், 'ப' வடிவில் கட்டப்பட்ட யமுனா ஏரி ஆகியவை எஞ்சியுள்ளன. வணிகம் நடந்த இடம் முத்திரைச் சந்தி. பழைய கந்தசுவாமி கோயிலும் அதற்கு அண்மையில் இருந்ததாகவே ஆய்வாளர் பலரும் கருதுகின்றனர். செட்டித்தெரு போன்ற பெயர்களைப் பார்க்கும்போது, குடிக்கு ஒரு தெரு, தொழிலுக்கு ஒரு தெரு என்ற ஒழுங்கு ஐரோப்பியர் வருவதற்கு முன்பே இங்கு வேரூன்றியிருந்தது தெரிகிறது.

தலைநகரைக் கடற்கரைக்கு இழுத்துச் சென்றவர்கள் போர்த்துக்கேயர். 1560இல் ஒருமுறை நல்லூரைப் பிடித்தும் அவர்களால் நிலைக்க முடியவில்லை. 1619இல் பிலிப்பே டி ஒலிவேறாவின் படை இராச்சியத்தைக் கைப்பற்றியது. கடைசி அரசன் சங்கிலி கோவாவுக்குக் கொண்டுசெல்லப்பட்டுக் கொல்லப்பட்டான். ஒலிவேறா முதலில் நல்லூரிலேயே தங்கினான். 1621இல் கந்தசுவாமி கோயிலை இடிப்பித்த பின் ஆட்சியிடத்தை ஏறத்தாழ மூன்று கிலோமீற்றர் தொலைவிலுள்ள கடலேரிக் கரைக்கு மாற்றினான். கடல் வழியாகத் துணைப்படையை எதிர்பார்த்திருந்த ஆட்சிக்கு உள்நாட்டு நல்லூர் பாதுகாப்பான இடமாகத் தோன்றவில்லை. அற்புத மாதாவின் பெயரில் கோட்டை எழுந்தது. அதன் கிழக்கே போர்த்துக்கேயரும் கலப்பினத்தாரும் கத்தோலிக்கத் துறவிகளும் வாழ்ந்த ஒரு பட்டினம் வளர்ந்தது. நல்லூர் அழிந்துவிடவில்லை. ஆட்சியை இழந்து, கோயில்களையும் வளவுகளையும் கொண்ட ஊராகத் தொடர்ந்தது. நகரம் இரண்டு மையங்களைப் பெற்றது அப்போதுதான்.

கடலேரி ஆழமற்றது. பெரிய கப்பல்கள் ஊர்காவற்றுறையிலேயே நங்கூரமிட, பண்டங்கள் தோணிகளிலும் வத்தைகளிலும் பட்டினத்துக்கு வந்து சேர்ந்தன. அதனால் யாழ்ப்பாணத்தில் பெருந்துறைமுகம் ஒன்று உருவாகவில்லை. நாவாந்துறை, கரையூர், கொழும்புத்துறை என்று சிறு இறங்குதுறைகளே கரை நெடுகிலும் அமைந்தன. ஒவ்வொரு துறையையும் ஒட்டி ஒரு குடியிருப்பு, ஒவ்வொரு குடியிருப்புக்கும் ஒரு வழிபாட்டிடம். நகரத்தின் தென்புறமும் மேற்புறமும் துண்டு துண்டாக வளர்ந்ததற்கு இந்த ஆழமற்ற நீர்ப்பரப்பு பெரிய காரணம்.

1658இல் ஒல்லாந்தர் கோட்டையைப் பிடித்தனர். போர்த்துக்கேயரின் கட்டடத்தை அகற்றி, ஐந்து கொத்தளங்களுடன் ஐங்கோண வடிவில் புதிய கோட்டையைக் கட்டினர். உட்கோட்டை 1680 அளவிலும் வெளியரண்கள் 1792இலும் முடிந்தன. அடுத்த மூன்று ஆண்டுகளிலேயே, 1795 செப்ரெம்பரில், கோட்டை ஆங்கிலேயரின் கைக்குப் போனது. பீரங்கிச் சூட்டுக்கு மறைப்பு இருக்கக் கூடாது என்பதற்காகக் கோட்டைக்கும் ஊருக்கும் இடையே விடப்பட்ட வெளிதான் பிற்காலத்தில் முற்றவெளி ஆயிற்று. அந்த வெளிக்கு அப்பால் பிரதான வீதியையும் அதை வெட்டிச் செல்லும் முதலாம், இரண்டாம், மூன்றாம் குறுக்குத் தெருக்களையும் ஒல்லாந்தர் ஒழுங்குபடுத்தினர். நகரம் முழுவதிலும் அளவுகோல் வைத்து வரையப்பட்ட பகுதி ஏறக்குறைய இது ஒன்றே. தூண் வைத்த விறாந்தைகளும் உயர்ந்த ஓட்டுக் கூரைகளும் கொண்ட வீடுகளில் ஐரோப்பிய வழிவந்த பறங்கியர் வாழ்ந்தனர். பறங்கித்தெரு என்ற பேச்சுவழக்கு அவ்வழி வந்தது. ஆங்கிலேயர் காலத்தில் எழுதுவினைஞர் வேலைகளை நாடி அவர்களிற் பலர் கொழும்புக்கும், சுதந்திரத்துக்குப் பின் அவுஸ்திரேலியாவுக்கும் போயினர். வீடுகள் பாடசாலைகளாகவும் அலுவலகங்களாகவும் கடைகளாகவும் மாறின.

ஒல்லாந்தரின் யாழ்ப்பாணம் யானை விற்ற ஊர். வன்னிக் காடுகளில் பிடித்த யானைகள் ஆனையிறவைக் கடந்து குடாநாட்டுக்குள் ஓட்டிவரப்பட்டு, கோல்கொண்டாவிலிருந்தும் வங்காளத்திலிருந்தும் வந்த வணிகருக்கு விற்கப்பட்டு, ஊர்காவற்றுறையில் கப்பலேற்றப்பட்டன. துணிக்குச் செந்நிறம் ஊட்டும் சாயவேர், வங்காளத்தில் வளையலாக அறுபட்ட சங்கு, பனைமரம், புகையிலை ஆகியன மற்ற ஏற்றுமதிகள். இவற்றை வாங்கவும் சேர்க்கவும் ஆட்சியாளருக்கு உள்ளூர்த் தரகரும் ஒப்பந்தகாரரும் தேவைப்பட்டனர். அவர்கள் கோட்டையின் நிழலில் குடியிருக்கவில்லை. வடக்கே, வண்ணார்பண்ணையில் தங்கள் உலகத்தை அமைத்துக்கொண்டனர்.

வண்ணார்பண்ணையின் வரலாறு தனிக் கவனத்துக்குரியது. ஒல்லாந்தருக்குப் பண்டம் வழங்கிய செட்டியார் குடும்பத்தில் வந்த வைத்திலிங்கச் செட்டியார், 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் அங்கே வைத்தீசுவரன் கோயிலைக் கட்டுவித்தார். அதற்கு உறுதுணையாக நின்றவர் துறவியான கூழங்கைத் தம்பிரான். ஆலயம் எழுப்புவதற்கு நெடுங்காலம் தடையிருந்த ஒரு நகரில், ஆட்சி தளர்ந்த வேளையில், வணிகச் செல்வத்தைக் கொண்டு ஒரு சிவன் கோயில் எழுந்தது. அதனைச் சுற்றி வீதிகளும் மடங்களும் வந்தன. அண்மையில் பெருமாள் கோயிலடியில் நெசவாளர் குடியிருந்தனர். நல்லூரில் பிறந்த ஆறுமுக நாவலர் 1848இல் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கியதும், அச்சுக்கூடம் நிறுவிப் பாடநூல்களையும் பழைய இலக்கியங்களையும் வெளியிட்டதும் வண்ணார்பண்ணையிலேதான். யாழ்ப்பாணம் இந்துக் கல்லூரியும் 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் இங்கேயே வளர்ந்தது. கோட்டைக்குக் கிழக்கே மிசன் பாடசாலைகள் நிறைந்த கிறிஸ்தவ யாழ்ப்பாணமும், வடக்கே இந்தச் சைவ யாழ்ப்பாணமும் ஒரு மைல் தூரத்துக்குள் எதிரெதிரே நின்று ஒன்றையொன்று கூர்மைப்படுத்தின. யாழ்ப்பாணத்துக் கல்விப் பெருமைக்கு இந்த நெருக்கமான போட்டியே முக்கிய ஊற்று என்று சொல்வது மிகையாகாது.

இரண்டுக்கும் இடைப்பட்ட நிலம் சந்தையானது. சத்திரத்துச் சந்தியிலிருந்து கஸ்தூரியார் வீதி வரை பரந்த பெரியகடையில் துணி, நகை, பலசரக்கு, இரும்பு, புத்தகம், சித்த மருந்துச் சரக்கு எல்லாம் விற்கப்பட்டன. தெற்கே பட்டினப் பக்கத்துக்குச் சின்னக்கடை மீனும் மரக்கறியும் கொடுத்தது. பெரியகடையை ஒட்டிய கன்னாதிட்டியில் உலோக வேலையும் பொன் வேலையும் நடந்தன. நகைக்கடைகள் இன்றும் கன்னாதிட்டியிலும் கஸ்தூரியார் வீதியிலும் அடுத்தடுத்து நிற்பது அந்தப் பட்டறைகளின் தொடர்ச்சி. காங்கேசன்துறை வீதியில் சற்று வடக்கே போனால் தட்டாதெருச் சந்தி.

இந்தத் தொழில் தெருக்களைப் பற்றி எழுதும்போது மறைக்கக் கூடாத ஒன்று உண்டு. அவை தொழிலைச் சாதியோடு பிணைத்த ஒழுங்கின் தடங்கள். ஒல்லாந்தர் அந்த ஒழுங்கைத் தேசவழமைச் சட்டத் தொகுப்பிலும் ஊழியப் பதிவுகளிலும் எழுத்தாக்கி இறுக்கினர். யார் எந்த ஒழுங்கையில் குடியிருக்கலாம், எந்தக் கிணற்றில் நீர் அள்ளலாம், எந்தக் கோயிலுக்குள் நுழையலாம் என்ற கட்டுகள் 20ஆம் நூற்றாண்டிலும் நீடித்தன. நகரத்துத் தேத்தண்ணிக்கடைகள் பல, ஒடுக்கப்பட்ட மக்களை உள்ளே அமரவிடாமல் போத்தலிலோ தனிக் குவளையிலோ கொடுத்தனுப்பின. 1957இல் சமூகக் குறைபாடுகள் தடுப்புச் சட்டம் வந்தது. சிறுபான்மைத் தமிழர் மகாசபையும், 1960களில் தீண்டாமை ஒழிப்பு வெகுஜன இயக்கமும் கடைக்குள்ளும் கோயிலுக்குள்ளும் நுழையும் போராட்டங்களை நடத்தின. சந்தை எல்லோரையும் ஒன்றுசேர்க்கும் இடம் என்பது தானாக வந்த உண்மையன்று; அடிபட்டுப் பெற்ற உரிமை.

சோனகத்தெருவின் தோற்றம் பற்றி யாழ்ப்பாண வைபவமாலை என்னும் வரலாற்று நூல் ஒரு மரபுக் கதையைச் சொல்கிறது: நல்லூர்ப் பக்கம் குடியிருந்த முஸ்லிம்கள் அங்கிருந்து விலகி நாவாந்துறைக்கு அண்மையில் குடியேறினர் என்பது அது. ஐந்து சந்தியைச் சுற்றிய அந்தப் பகுதியில் வீடுகள் ஒன்றோடொன்று ஒட்டி நின்றன; வேலியடைத்த பெரிய வளவுகள் கொண்ட மற்ற யாழ்ப்பாணத்திலிருந்து கண்ணுக்கே வேறாகத் தெரிந்தது. இரும்புக்கடை, தையல், இறைச்சி வணிகம், லொறிப் போக்குவரத்து, சங்கும் கடலட்டையும் வாங்கி விற்றல் ஆகிய தொழில்களில் அவர்கள் பங்கு பெரிது. பெரியகடையின் அன்றாட இயக்கம் அவர்கள் கையையும் நம்பியிருந்தது.

தெற்கே கரையூர், பிற்காலப் பெயரில் குருநகர், போர்த்துக்கேயர் காலம் முதல் கத்தோலிக்கக் கடற்றொழிலாளரின் ஊர். அதன் தேவாலயமும் பாஷையூர் அந்தோனியார் கோயிலும் கடலிலிருந்து பார்ப்போருக்கு அடையாளமாக நிற்கின்றன. நாட்டுக்கூத்து மரபு இங்கே ஆழமாக வேரோடியது. 1960களின் பின்பகுதியில் நோர்வே உதவியோடு தொடங்கிய சீநோர் நிறுவனம் காரைநகரில் படகும் குருநகரில் வலையும் செய்தது. கைவலை பின்னிய ஊரில் தொழிற்சாலை வலை வந்தது அப்போதே.

ஆங்கிலேயர் நகரத்துக்குக் கொடுத்த புதிய பகுதி சுண்டிக்குளி. 1829 முதல் 1867 வரை அரசாங்க அதிபராக இருந்த பேர்சிவல் அக்லண்ட் டைக் கச்சேரியைச் சூழ மரங்களை நட்டு உருவாக்கிய சோலையே இன்றைய பழைய பூங்கா. 1850இல் தொடங்கிய ஆஸ்பத்திரியும் அவர் முயற்சியால் எழுந்தது. அதன் முன்னால் செல்லும் ஆஸ்பத்திரி வீதி பட்டினத்தையும் பெரியகடையையும் பிரிக்கும் கோடாகவும் இணைக்கும் கோடாகவும் ஆனது. சென் ஜோன்ஸ் கல்லூரி, சுண்டிக்குளி மகளிர் கல்லூரி, நியாயவாதிகளினதும் உத்தியோகத்தரினதும் வீடுகள் என்று அப்பகுதி அமைதியான குடியிருப்பாக வளர்ந்தது. 1875இல் வேல்ஸ் இளவரசர் இலங்கைக்கு வந்ததன் நினைவாக எழுப்பப்பட்ட மணிக்கூட்டுக் கோபுரம் முற்றவெளி ஓரத்தில் நின்றது.

1902இல் குடாநாட்டுக்குள் ரயில் ஓடத் தொடங்கி, 1905இல் பாதை கொழும்போடு இணைந்தபோது நகரத்தின் முகம் மாறியது. அதுவரை திருவிதாங்கூரை நம்பியிருந்த புகையிலை, சுருட்டாக மாறித் தென்னிலங்கைக்குப் போகும் வழி அகன்றது. வண்ணார்பண்ணையிலிருந்து கொக்குவில், கோண்டாவில் வரை சுருட்டுக் கொட்டில்கள் பெருகின. வரிசையாக அமர்ந்து சுருட்டும் தொழிலாளருக்கு ஒருவர் பத்திரிகையையோ கதைப் புத்தகத்தையோ உரக்க வாசிக்கும் வழக்கம் அங்கே இருந்தது. பள்ளிக்கூடம் போகாத பலருக்கு அரசியலும் இலக்கியமும் அந்தக் கொட்டில்களில்தான் அறிமுகமாயின. அதே காலத்தில் மலாயாவின் ரயில் சேவையிலும் அரச அலுவலகங்களிலும் வேலைக்குப் போனவர்கள் அனுப்பிய பணம் கல்வீடாகவும் சீதனமாகவும் நகையாகவும் நகரத்தில் இறங்கியது. பெரியகடையில் இன்றும் வாழையிலையில் சோறு போடும் மலாயன் கபே அந்தத் தொடர்பைப் பெயரிலேயே தாங்கியிருக்கிறது.

சுதந்திரத்தை அடுத்த முப்பது ஆண்டுகள் நகரம் மிகச் செழித்த காலம். 1949இல் மாநகரசபை உருவானது. 1956இல் யாழ்தேவி ரயில் ஓடத் தொடங்கியது. வின்ட்சர், வெலிங்டன், றீகல், ராணி, மனோகரா, ராஜா என்று தியேட்டர்கள் பெருகின. படம் முடியும் நேரத்தை நம்பியே சில கடைகள் இரவில் திறந்திருந்தன. 1959இல் ஈழநாடு பத்திரிகை வந்தது. அதே ஆண்டு ஒக்ரோபரில், மதராஸ் கட்டடக் கலைஞர் நரசிம்மன் திராவிடக் கலைச்சாயலில் வடிவமைத்த பொதுநூலகம் முற்றவெளிக்கு அருகே திறக்கப்பட்டது. க. மு. செல்லப்பா 1930களில் தம் சொந்த முயற்சியால் தொடங்கிய சிறு வாசிகசாலையே இதற்கு வித்து. நூலகம் அமைந்த இடம் பொருத்தமானது: பறங்கித்தெருவுக்கும் பெரியகடைக்கும் குருநகருக்கும் ஆஸ்பத்திரிக்கும் நடந்து போகும் தூரம். எந்தக் குடிக்கும் எந்தச் சமயத்துக்கும் சொந்தமில்லாத பெருங்கட்டடம் அது என்பதால் அதன் மதிப்பு நூல்களின் எண்ணிக்கையைவிடப் பெரியது. 1981 கணக்கெடுப்பின்படி மாநகர மக்கள் தொகை 118,224.

அந்த ஆண்டிலேயே அழிவு தொடங்கியது. 1981 மே 31 இரவும் அடுத்த நாட்களிலும் பொலிஸார் பெரியகடைக் கடைகளுக்கும் ஈழநாடு அலுவலகத்துக்கும் நூலகத்துக்கும் தீ வைத்தனர். ஓலைச்சுவடிகள் உட்பட ஏறத்தாழ 97,000 நூல்கள் எரிந்தன. பின்னர் அரசுக்கும் விடுதலைப் புலிகளுக்கும் இடையிலான போர் முற்றியபோது, கோட்டைக்குள் அடைபட்டிருந்த அரச படையினரின் எறிகணைகள் சுற்றியிருந்த பகுதிகளில் விழுந்தன. ஒல்லாந்தர் கீறிய குறுக்குத் தெருக்கள் வெறிச்சோடின. 1990இல் விடுதலைப் புலிகள் கோட்டையை முற்றுகையிட்டனர். 1706இல் கட்டப்பட்ட ஒல்லாந்தத் தேவாலயம் சிதைந்தது. நகரத்தின் வணிகம் எறிகணை எட்டாத வடக்குப் பக்கமாக நகர்ந்தது.

1990 ஒக்ரோபர் 30 அன்று விடுதலைப் புலிகள் சோனகத்தெரு முஸ்லிம்களை இரண்டு மணி நேர அவகாசத்தில் வெளியேற்றினர். வட மாகாணம் முழுவதிலுமிருந்து அவ்வாறு துரத்தப்பட்டோர் 70,000க்கு மேல். ஒரு நகரம் தன் பகுதிகளில் ஒன்றைத் தானே வெட்டியெறிந்த நாள் அது. எந்த நியாயத்தாலும் மூட முடியாத அநீதி. சரியாக ஐந்தாண்டுகளின் பின், 1995 ஒக்ரோபர் 30 இரவு, அரச படையின் முன்னேற்றத்தால் வலிகாமம் முழுவதும் தென்மராட்சியை நோக்கி நடக்க வேண்டியதாயிற்று.

இந்த ஆண்டுகளில் பொருளாதாரத் தடை தனித் தொழில்களை உருவாக்கியது. பெற்றோல் இல்லை, பழைய ஒஸ்ரின், மொறிஸ் கார்கள் மண்ணெண்ணெயில் ஓடின. மின்சாரம் இல்லை, இரவு ஜாம் போத்தல் விளக்கில் கழிந்தது. சைக்கிள் திருத்தும் கடைகள் ஒவ்வொரு சந்தியிலும் முளைத்தன, பழைய இரும்பும் உதிரிப் பாகங்களும் பெருவணிகமாயின. இருபதாண்டுகள் இந்நகரத்தை ஓடவைத்தவர்கள் பெயர் தெரியாத இந்தக் கைவினைஞர்கள். அவர்களைப் பற்றி எழுதப்பட்டது மிகக் குறைவு.

போர் முடிந்த பின் 2012இல் எடுத்த கணக்கில் மாநகர மக்கள் 88,138 பேர். போரில் நின்றுபோன ரயில் 2014 ஒக்ரோபரில் யாழ்ப்பாண நிலையத்துக்குத் திரும்பியது. ஆஸ்பத்திரி வீதியில் பல மாடி வணிக வளாகமும், கொழும்பு வங்கிகளின் கிளைகளும், தவணைக்கு வாகனம் கொடுக்கும் நிறுவனங்களும் வரிசைகட்டின. புல்லுக்குளத்துக்கு அருகே, மீண்டும் கட்டப்பட்ட நூலகத்தின் பக்கத்தில், இந்திய உதவியால் எழுந்த கலாசார மையம் 2023இல் மக்களுக்கு ஒப்படைக்கப்பட்டது. குருநகரும் பாஷையூரும் கடலையே நம்பி நிற்கின்றன. பிரதான வீதியில் விறாந்தைத் தூண்கள் சிலவே எஞ்சியுள்ளன. சோனகத்தெருவுக்குத் திரும்பியவர்கள் முன்பு இருந்தவர்களில் ஒரு பகுதியினர்தான். அடைக்கலம் புகுந்த புத்தளத்தில் பிறந்து வளர்ந்த பிள்ளைகளை வீடோ தொழிலோ இல்லாத இடத்துக்கு அழைத்துவரப் பல குடும்பங்கள் தயங்கின. வீடற்ற வளவுகள் அங்கே இன்னும் உள்ளன.

நகரம் வளர்வது இப்போது பழைய எல்லைக்கு வெளியே. 1974இல் பரமேஸ்வராக் கல்லூரி வளவில் தொடங்கிய பல்கலைக்கழகம் திருநெல்வேலியைப் புதிய நகர மையமாக்கியது. பெரியகடை வெறிச்சோடிய போர்க்காலத்தில் திருநெல்வேலிச் சந்தை மேலும் தடித்தது. மாணவர் விடுதிகள், ஒளிப்பிரதிக் கடைகள், தனியார் கல்வி நிலையங்கள், மருந்தகங்கள் பலாலி வீதி நெடுகிலும் நிறைந்தன. கொக்குவில், கோண்டாவில் வரை காங்கேசன்துறை வீதியின் இருபுறமும் கடைகள் இடைவெளியின்றித் தொடர்கின்றன. இவை யாவும் நிர்வாகத்தில் மாநகரசபைக்கு அப்பால், நல்லூர்ப் பிரதேச சபைக்கு உட்பட்ட ஊர்கள். கடைத் தெருவிலிருந்து பத்து அடி உள்ளே ஒரு ஒழுங்கைக்குள் திரும்பினால் பனையோலை வேலி, கிணறு, வாழை, புகையிலைத் தோட்டத்துச் செம்மண் என்று கிராமம் அப்படியே இருக்கிறது.